500 அளவு ஹெலிகாப்டருக்கு 12 பல்லா, 13 பல்லா, 14 பல்லா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் விளங்கட்டும். திருப்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கையில் இருப்பது ரிமோட்டில் பறக்கும் 500 அளவு எலக்ட்ரிக் மாதிரி ஹெலிகாப்டர். 425 மில்லிமீட்டர் பிளேடு, 6 செல் 2,600 எம்.ஏ.எச். லைப்போ பேட்டரி, 1,600 கே.வி. மோட்டார், ரோட்டரைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான மெயின் கியரில் 162 பல், மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 13 பல். கவர்னர் (ரோட்டரை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கும் ஏற்பாடு) போடவில்லை, த்ராட்டில் எப்போதும் 100 சதவீதம். நான்கு நிமிடம் ஹோவரும் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) மெதுவான வட்டமும் அடித்து இறக்கினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. ஒரு தடவை காற்றிலேயே ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) கைவிட்டுவிட்டது. திரும்பச் சார்ஜ் போட்டால் 2,100 எம்.ஏ.எச். ஏறுகிறது. கடைக்காரர் "பவர் பத்தலைங்க, 14 பல் போடுங்க" என்கிறார். நண்பர் "12 போட்டாச் சூடு குறையும்" என்கிறார். யார் சொல்வது சரி, ஆம்ப்ஸ் பார்க்க எந்த மீட்டர் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை பல் என்று கேட்டாலும், நீங்கள் உண்மையில் கேட்பது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் எங்கே போய்த் தீர்கிறது என்பதைத்தான். அதற்குப் பதில் தெரியாமல் பல்லை மாற்றினால் நோய் தெரியாமல் மருந்து மாற்றிய கதையாகிவிடும். அதோடு, நீங்கள் சாதாரணமாகப் போகிற போக்கில் எழுதிய அந்த 2,100 என்ற எண்தான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது. அதற்கு வருகிறேன்.

நான் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். காயில் கட்டி 22 வருடம், ஹெலிகாப்டர் பறக்கவிட்டு 11 வருடம் ஆகிறது. முதலில் எனக்கு ஹெலிகாப்டரைப் புரியவைத்தது தண்ணீர்ப் பம்புதான். பெல்ட்டில் ஓடும் பம்புசெட் வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கம் பலர் இருந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் சேர்த்து வரட்டும் என்று மோட்டார் பக்கத்துப் புல்லியை ஒரு சைஸ் பெரிதாக்கிவிடுவார்கள். தண்ணீரும் கொஞ்சம் கூடத்தான் வரும். ஒரு மாதம் கழித்துக் கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். சுற்று 10 சதவீதம் கூடினால் தண்ணீர் 10 சதவீதம் கூடுகிறது, ஆனால் இழுக்கும் பவர் 33 சதவீதம் கூடிவிடுகிறது. சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் பவர் ஏறும் என்ற இந்த விதி பம்புக்கும் ஃபேனுக்கும் ஒன்றுதான். ஹெலிகாப்டர் ரோட்டரும் இதே குடும்பம்தான், ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு எளிது. கே.வி. என்றால் இங்கே கிலோவோல்ட் இல்லை; ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சும்மா ஓடும்போது எத்தனை ஆர்.பி.எம். சுற்றும் என்பது. உங்களுடையதில் 6 செல்லுக்கு 22.2 வோல்ட், அதை 1,600-ஆல் பெருக்கினால் 35,520. இதைப் பினியன் பல்லால் பெருக்கி மெயின் கியர் பல்லால் வகுத்தால் காகிதத்தில் வரும் ஹெட் ஸ்பீடு, அதாவது ரோட்டர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 12 பல்லுக்கு 2,630, 13-க்கு 2,850, 14-க்கு 3,070. இந்த வேகம் காற்றில் ஒருநாளும் வராது. வயரிலும் காயிலிலும் வோல்ட் இறங்கும், பேட்டரி தளரும். என் அனுபவத்தில் முழு த்ராட்டிலில் இதில் 85 முதல் 90 சதவீதம்தான் கிடைக்கும். அதனால் உங்கள் ஹெலிகாப்டர் இப்போது 2,500 சுற்றுவட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அதில் முழுவதையும் பயன்படுத்தவும் கூடாது. பேட்டரி பாதி தீர்ந்த பிறகு திடீரென்று பிட்ச் (பிளேடின் சாய்வு) கொடுத்தாலும் ஹெட் ஸ்பீடு விழாமல் தாங்க, கைவசம் கொஞ்சம் வோல்ட் மிச்சம் இருக்க வேண்டும். நான் பின்பற்றுவது, காகிதக் கணக்கில் 80 சதவீதத்தை நம் வேலை வேகமாக வைப்பது. அப்படிப் பார்த்தால் 12 பல் 2,100-க்கு, 13 பல் 2,280-க்கு, 14 பல் 2,450-க்கு. ஆக, முதலில் வேகத்தைத் தீர்மானித்துவிட்டால் பல் தானாக வந்துவிடும். பல்லைத் தீர்மானித்துவிட்டு வேகம் எது வருகிறதோ வரட்டும் என்று விட்டதுதான் உங்கள் ஹெலிகாப்டரின் இப்போதைய நிலை.

எந்த வேகம் வேண்டும்? இங்கேதான் பம்புக்கும் ஹெலிகாப்டருக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. பம்பு சுற்றைக் கூட்டினால் தண்ணீர் கூடும். ஹோவரில் ஹெலிகாப்டர் தன் எடையை மட்டும்தான் தூக்குகிறது. சுற்றைக் கூட்டினால் நீங்கள் பிட்ச்சைக் குறைத்துவிடுகிறீர்கள், தூக்குவது அதே எடைதான். உங்களுடைய மாதிரி ஒரு ஹெலிகாப்டரை 1.75 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றைக் கீழே தள்ளி எடையைத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 64 வாட் போதும். 2,400 சுற்றில் பிளேடு காற்றை அறுத்துக்கொண்டு சுற்றுவதற்கே சுமார் 130 வாட் போகிறது. தூக்குவதைப் போல இரண்டு மடங்கு! இந்த இரண்டாவது பங்குதான் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2,000 சுற்றுக்கு இறக்கினால் 64 வாட் அப்படியே இருக்கும், 130 மட்டும் 75 ஆகிவிடும். டெயில் ரோட்டர், கியர், மோட்டார், ஈ.எஸ்.சி. இழப்பெல்லாம் சேர்த்தால் பேட்டரியில் 2,400-க்கு 13 ஆம்ப்ஸ் அளவும், 2,000-க்கு 9 ஆம்ப்ஸ் அளவும் வரும். பிளேடின் வடிவத்தைப் பொறுத்து இந்த எண்கள் முன்னே பின்னே போகும். கணக்கின் போக்கு மாறாது.

ஹோவரும் வட்டமும் பழகும் நிலையில் 2,000 முதல் 2,100 தாராளமாகப் போதும். ஹெலிகாப்டர் அமைதியாக நிற்கும், பேட்டரி நின்று பேசும். தலைகீழாகப் பறப்பது, உருட்டுவது, கடிகார ஊசல் மாதிரி ஆடவிடும் டிக்-டாக் அடிப்பது எல்லாம் வரும்போது 2,300-க்கு மேலே போகலாம். சும்மா கெத்துக்காக 2,500-இல் ஓட்ட வேண்டாம். அந்த வேகத்தில் உங்கள் பிளேடின் நுனி மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் வெட்டிக்கொண்டு போகிறது. பிளேடு தயாரித்தவர் எவ்வளவு வரை தாங்கும் என்று பெட்டியிலோ தாளிலோ போட்டிருப்பார். அதைப் பார்க்காமல் 14 பல்லை மாட்டி 100 சதவீதம் த்ராட்டில் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சரி, நண்பர் சொன்ன 12? அவர் சொன்னதில் பாதி சரி. கவர்னர் இல்லாமல் 100 சதவீதத்தில் ஓட்டினால் 13-லிருந்து 12-க்குப் போகும்போது ஹெட் ஸ்பீடு 8 சதவீதம் இறங்கும், பவரும் இறங்கும், சூடும் இறங்கும். ஆனால் கவர்னர் போட்டுவிட்டால் கதையே வேறு. கவர்னர் 2,100 என்று வைத்தால் 12 போட்டாலும் 14 போட்டாலும் ரோட்டர் 2,100-இல்தான் சுற்றும், ரோட்டர் கேட்கும் பவர் ஒன்றேதான். மாறுவது மோட்டாரின் நிலை மட்டும். 14 பல்லில் மோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டு கூடுதலாகத் திருக வேண்டும். மருதமலை ஏற்றத்தில் சைக்கிளைப் பெரிய கியரில் போட்டு மிதிப்பது மாதிரி. கால் மெதுவாகத்தான் சுற்றும், தொடை மட்டும் எரியும். திருகும் விசை 12-ஐவிட 14-இல் ஆறில் ஒரு பங்கு கூடுதல், காயிலில் ஓடும் ஆம்ப்ஸும் அதே அளவு கூடும். காயில் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தில் ஏறுவதால் 36 சதவீதம் கூடிவிடும். 12 பல்லில் மோட்டார் வேகமாகச் சுற்றுவதால் இரும்பு இழப்பு (மோட்டாரின் இரும்புப் பாகத்தில் சூடாகப் போவது) கொஞ்சம் ஏறும். எது எவ்வளவு என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும், ஆனால் இந்த அளவு மோட்டார்களில் காயில் பக்கத்து லாபமே பெரிது என்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் மீட்டர் நம்மை ஏமாற்றும், கவனமாக இருங்கள். ஈ.எஸ்.சி. பாதி த்ராட்டிலில் ஓடும்போது பேட்டரி பக்கம் ஓடும் ஆம்ப்ஸும் மோட்டார் பக்கம் ஓடும் ஆம்ப்ஸும் ஒன்றல்ல. ஈ.எஸ்.சி. வோல்ட்டைக் குறைத்து ஆம்ப்ஸைக் கூட்டிக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது. 65 சதவீதத்தில் ஓடும்போது பேட்டரி வயரில் மீட்டர் 15 காட்டினால், காயிலுக்குள் ஓடுவது 23 ஆம்ப்ஸ் அளவு. "மீட்டர் கம்மியாத்தான் காட்டுது, அப்புறம் ஏன் சுடுது" என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஈ.எஸ்.சி.யும் இந்த அரைகுறைத் திறப்பில்தான் அதிகம் சுடும். பெரிய பினியனை மாட்டி, கவர்னரில் குறைந்த வேகம் வைத்து ஓட்டுவது மோட்டாருக்கும் ஆகாது, ஈ.எஸ்.சி.க்கும் ஆகாது.

ரொம்பச் சின்னப் பினியனும் ஆபத்துதான். கைவசம் வோல்ட் மிச்சம் இல்லாவிட்டால் பேட்டரி தளர்ந்த கடைசி நிமிடத்தில் பிட்ச் கொடுத்ததும் ஹெட் ஸ்பீடு விழும், கூடவே டெயில் பிடி விட்டுத் திரும்பும். இன்னொன்று, கவர்னர் வேகத்தை விடாமல் பிடிப்பதால் பேட்டரி வோல்ட் இறங்க இறங்க பேட்டரியிலிருந்து இழுக்கும் ஆம்ப்ஸ் ஏறிக்கொண்டே போகும். கோடையில் லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் இழுக்கிறதே, அது மாதிரி.

இப்போது உங்கள் 2,100-க்கு வருகிறேன். மீட்டர் எதுவும் வாங்காமலே சராசரி ஆம்ப்ஸ் பார்க்கும் வழி, நீங்கள் அறியாமலே செய்துவிட்டீர்கள். சார்ஜரில் ஏறிய எம்.ஏ.எச்.-ஐ 1,000-ஆல் வகுத்து, 60-ஆல் பெருக்கி, பறந்த நிமிடத்தால் வகுத்தால் சராசரி ஆம்ப்ஸ். 2.1-ஐ 60-ஆல் பெருக்கினால் 126, நான்கால் வகுத்தால் 31.5 ஆம்ப்ஸ். 22 வோல்ட் என்று வைத்தால் 690 வாட். தம்பி, ஹோவருக்கும் மெதுவான வட்டத்துக்கும் இது ரொம்ப ரொம்ப அதிகம். 2,500 சுற்றில் ஓடினாலும் 15 ஆம்ப்ஸ் சுமார் வர வேண்டும், தாராளமாக வைத்தால் 20. சார்ஜர் சில சதவீதம் தப்புக் காட்டலாம், டைமர் அரை நிமிடம் தப்பலாம். இரண்டு மடங்கு தப்பாது. ஆக 200, 300 வாட் எங்கேயோ சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கும் பல் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். எங்கே போகிறது என்பதை ஹெலிகாப்டரைக் கையில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்படும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

கிணத்துக்கடவு பக்கம் சோளம் அறுத்த காடு ஒன்றில் விடியற்காலையில் பறக்கவிடுவோம். இரண்டு வருடம் முன்னால் ஒரு பையன் இதே அளவு ஹெலிகாப்டரோடு வந்திருந்தான். மூன்றாவது நிமிடத்தில் இறக்கிவிட்டு, "அண்ணா, ஏதோ வாசம் வருதுங்க" என்றான். பக்கத்தில் போனேன். வார்னிஷ் கருகும் வாசம். பட்டறையில் தினமும் மூக்கில் ஏறும் வாசம்தான், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு மெயின் கியரை விரலால் மெதுவாகப் பின்பக்கம் சுற்றிப் பார்த்தேன். முக்கால் சுற்று வெண்ணெய் மாதிரிப் போனது, அப்புறம் ஒரு இடத்தில் பிடித்தது. விட்டது, மறுபடி அதே இடத்தில் பிடித்தது. மெயின் கியர் துளி கோணியிருந்தது. அவன் பினியனை வைத்து முறுக்கியபோது தாழ்ந்த பக்கம் இருந்திருக்கிறது. உயர்ந்த பக்கம் வரும்போது பல் பல்லுக்குள் போய் இறுகியது. கீழே வெள்ளையாகப் பிளாஸ்டிக் தூள், மாவு சலித்த மாதிரி ஃபிரேமில் படிந்திருந்தது. பினியனைத் துளி பின்னுக்குத் தள்ளி வைத்த பிறகு அதே ஹெலிகாப்டர் ஆறு நிமிடம் பறந்தது. ஒரு பல்லும் மாற்றவில்லை.

அதனால் முதலில் மெயின் பிளேடு, டெயில் பிளேடு இரண்டையும் கழற்றுங்கள். பேட்டரி இல்லாமல் மெயின் கியரைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவே நோட்டுத் தாள் ஒரு துண்டு விட்டு, அமுக்கி, முறுக்கி, தாளை எடுத்துவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும். ஆனால் இதை மெயின் கியரின் உயர்ந்த பக்கத்தில் செய்ய வேண்டும். நான்கு இடத்தில் ஆட்டிப் பார்த்து, எங்கே ஆட்டம் குறைவோ அதுதான் உயர்ந்த பக்கம். டெயில் பெல்ட் மிஷின் என்றால் பெல்ட் கம்பி மாதிரி இறுகியிருக்கிறதா பாருங்கள். பேரிங் கரகரவென்று இருக்கிறதா, மெயின் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, பிட்ச் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 13, 14 டிகிரி கொடுத்துவிட்டு ஆம்ப்ஸ் போகிறதே என்று அழக் கூடாது. 10, 11 டிகிரியில் நிறுத்துங்கள். ஈ.எஸ்.சி. டைமிங் உங்கள் மோட்டாருக்குச் சொன்னபடி இருக்கிறதா என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

அடுத்து, பிளேடு இல்லாமலே ஒரு மீட்டர் சோதனை. பினியனை மெயின் கியரிலிருந்து விலக்கி, மோட்டாரை மட்டும் சுற்றவிட்டு ஆம்ப்ஸ் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பினியனைச் சேர்த்து, அதே த்ராட்டிலில் பார்த்து எழுதுங்கள். ஒன்றிரண்டு ஆம்ப்ஸ் கூடினால் சரி. நான்கு, ஐந்து கூடினால் எங்கேயோ பிடிக்கிறது. விலக்கி ஓட்டும்போதே மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் சும்மா ஓடும் ஆம்ப்ஸைவிட வெகு அதிகம் என்றால் கோளாறு மோட்டாருக்குள்ளேயே. இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டரை வைக்காதீர்கள். பேட்டரி செருகும்போது வரும் முதல் பாய்ச்சலிலேயே அதன் ஃபியூஸ் போய்விடலாம்.

மீட்டர் என்று கேட்டீர்களே, வாட் மீட்டர் என்று பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. அதிகபட்ச ஆம்ப்ஸ், குறைந்தபட்ச வோல்ட், மொத்த எம்.ஏ.எச். மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும். பறந்து இறக்கிய பிறகு படிக்கலாம். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் சிலவற்றில் அழிந்துவிடும், கழற்றும் முன் படித்துவிடுங்கள். பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் சாதாரண டங் டெஸ்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்ப்ஸ் பார்க்கும் மீட்டர்) ஏ.சி.க்கு மட்டும்தான், லைப்போ வயரில் மாட்டினால் அர்த்தமில்லாத எண் காட்டும். டி.சி. பார்க்கும் டங் டெஸ்டர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் தரையில் பயன்படுமே தவிர காற்றில் ஆகாது. ஹெலிகாப்டரை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் மீட்டர் பார்ப்பது என்ற வேலை மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். 425 மில்லிமீட்டர் பிளேடு விரலையும் விடாது, கழுத்தையும் விடாது.

வாட் மீட்டரை மாட்டும்போது ஒரு தப்பு நான் செய்து, ஈ.எஸ்.சி. ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். மீட்டரைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று பேட்டரி பக்கம் ஒரு அடி வயர் நீட்டினேன். வயர் நீண்டால் அதன் இண்டக்டன்ஸ் கூடும், ஈ.எஸ்.சி. நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஸ்விட்ச் பண்ணும்போது ஒவ்வொரு தடவையும் வோல்ட் எகிறும். அந்த அடியை வாங்குவது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர். ஐந்தாவது பறப்பில் அது வெடித்தது. பேட்டரி பக்கத்து வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மோட்டார் பக்கத்து மூன்று வயர் கொஞ்சம் நீண்டாலும் அவ்வளவு கெடுதல் இல்லை. நிரந்தரமாகப் பார்க்க வேண்டும் என்றால் தாமே பதிவு செய்யும் ஈ.எஸ்.சி. வாங்குவதுதான் சுத்தம். கேசில், கான்ட்ரோனிக், ஹாபிவிங் போன்றவற்றில் அப்படிப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. ஆம்ப்ஸ், வோல்ட், ஆர்.பி.எம்., சூடு, எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது எல்லாம் கம்ப்யூட்டரிலோ ரிமோட்டிலோ தெரியும். இதில் நான் முதலில் பார்ப்பது ஆம்ப்ஸை அல்ல. பிட்ச் கொடுத்த நொடியில் த்ராட்டில் சதவீதம் 100-ஐத் தொடுகிறதா என்பதைத்தான். அடிக்கடி தொட்டால் ஒரு பல் கூட்டலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம். கடுமையான பிட்ச்சிலும் 80-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு பல் குறைக்கலாம்.

ஹெட் ஸ்பீடு பார்க்க ஸ்பின்னிங் மில்லில் வைத்திருக்கும் டேக்கோமீட்டர் எடுத்துக்கொண்டு கிட்டே போக வேண்டாம். ஹெலிகாப்டரைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அசையாமல் ஹோவரில் நிறுத்தி, சத்தத்தைப் போனில் பதிவு பண்ணுங்கள். சத்தத்தின் அலைவரிசையைப் பிரித்துக் காட்டும் ஆப் எதிலாவது போட்டால் ஒரு முகடு தெரியும். இரண்டு பிளேடு என்பதால் அந்த ஹெர்ட்ஸை 30-ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். 70 ஹெர்ட்ஸ் என்றால் 2,100. 80 என்றால் 2,400. போன் மைக் அடித்தொனியைச் சரியாகப் பிடிக்காது, அதனால் இரட்டிப்பான 140, 160 பக்கம் உள்ள முகட்டையும் ஒத்துப் பாருங்கள். டெயில் பிளேடின் சத்தம் தனியாக மேலே நிற்கும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சூட்டைப் பற்றி. கை வைக்க முடியவில்லை என்றால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அது 65-ஆ 110-ஆ என்று கைக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட் கன் ஒன்று வாங்குங்கள். இறக்கின உடனேயும், இரண்டு நிமிடம் கழித்தும் பாருங்கள். காயிலுக்குள் இருக்கும் சூடு வெளியே வர நேரம் எடுக்கும், இரண்டாவது எண்தான் கூடுதலாக இருக்கும். காயில் எனாமல் 150-ஐத் தாண்டியும் தாங்கும் ரகம் உண்டு. காந்தம்தான் முதலில் போகும். சாதாரண நியோடிமியம் ரகம் 80 டிகிரியிலேயே பலம் இழக்கத் தொடங்கும், உயர்ந்த ரகம் 150 வரை போகும். உங்கள் மோட்டாரில் எது இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது, ஆகவே வெளிக்கூடு 80-க்குள் இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. இதைவிட ஏறியும் நன்றாக ஓடும் மோட்டார்கள் உண்டு, அதற்காக உங்களுடையதை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

காந்தம் ஒருமுறை பலம் இழந்தால் கே.வி. ஏறிவிடும், ஆம்ப்ஸ் ஏறும், சூடு ஏறும், காந்தம் இன்னும் இழக்கும். உங்கள் மோட்டார் பல தடவை இப்படிச் சுட்டிருப்பதால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். மோட்டாரைக் கழற்றி, லேத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்து 1,000 ஆர்.பி.எம். சுற்றவிடுங்கள். மூன்று வயரில் ஏதாவது இரண்டில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். 1,600 கே.வி. என்றால் 0.44 வோல்ட் சுமாருக்கு வர வேண்டும். மூன்று ஜோடியிலும் ஒரே எண் வர வேண்டும். 0.38, 0.36 என்று இறங்கியிருந்தால் காந்தம் போய்விட்டது, வேறு மோட்டார்தான். ஒரு ஜோடி மட்டும் வேறுபட்டால் காயில் ஷார்ட். திருப்பூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம். ஐந்து நிமிட வேலை.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, திருப்பூர் எல்லாவற்றையும் வருடிக்கொண்டு போகும். சீரான காற்றில் ஹோவர் பண்ணினால் ரோட்டருக்குப் புதுக்காற்று வந்துகொண்டே இருப்பதால் பவர் குறைவாகத்தான் தேவைப்படும்; மீட்டர் ஒன்றிரண்டு ஆம்ப்ஸ் குறைத்துக் காட்டும். ஆடியில் எடுத்த எண்ணையும் மார்கழிக் காலையில் எடுத்ததையும் ஒப்பிட்டு "12 பல் போட்டதால குறைஞ்சுது" என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே நாள், விடியற்காலை, காற்றில்லாத நேரம், ஒரே பேட்டரி என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பங்குனி, சித்திரை மதியத்தில் காற்று லேசாகிவிடும், பிட்ச் கூடக் கேட்கும். ஊட்டிக்கு எடுத்துப்போனால் கோவையைவிட ஆறில் ஒரு பங்கு காற்றடர்த்தி குறைவு. அதே பிட்ச்சில் நிற்க ஹெட் ஸ்பீடு 9 சதவீதம் கூட வேண்டும். அங்கே ஒரு பல் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது.

காற்றில் ஈ.எஸ்.சி. கைவிட்டதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூட்டில் நின்றிருக்கும், அல்லது பேட்டரி லோடில் கீழே போய் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் வேலை செய்திருக்கும். 31 ஆம்ப்ஸ் சராசரி என்றால் பிட்ச் கொடுக்கும்போது 70, 80 போயிருக்கும். பழைய 2,600 பேட்டரி அதைத் தாங்காது. லோடில் செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்பதை வாட் மீட்டரின் குறைந்தபட்ச எண் சொல்லிவிடும். கட்-ஆஃபை உடனடி நிறுத்தத்தில் வைத்திருந்தால் மெதுவாகக் குறைக்கும் வகைக்கு மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜே போடாதீர்கள்.

ஆகவே 13 பல்லை இப்போதைக்குத் தொட வேண்டாம். கியர் இடைவெளி, பெல்ட், பேரிங், பிறகு லேத்தில் மோட்டார். இவ்வளவும் முடித்துவிட்டுக் கவர்னரில் 2,200 வைத்து நான்கு நிமிடம் அதே மாதிரிப் பறந்து சார்ஜ் போடுங்கள். 1,300-க்குள் ஏறினால் கோளாறு தீர்ந்தது, அதன் பிறகு 2,000-இல் பழக ஆசைப்பட்டால் 12 பல் வாங்கலாம். 2,000-ஐ ஒட்டியே நின்றால் பினியன் விலக்கியும் சேர்த்தும் எடுத்த இரண்டு ஆம்ப்ஸ், லேத்தில் வந்த மூன்று வோல்ட், குறைந்தபட்ச வோல்ட் இந்த ஆறு எண்ணையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பறக்கும் இடம் எதுவானாலும், எங்கே பறக்கவிடலாம் எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் உங்களிடமிருந்து தூரம் என்று நினைப்பீர்கள். பல்லடம் தாண்டிக் கோவைச் சாலையில் மேற்கே வந்தால் சூலூர் வட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள்.